வர்ஸல்ஸை ‘ஒற்றைப் பாட்டுக் குழு’ என்று அறிமுகப்படுத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எழுபதுகளின் ஆங்கில பாப் பாடல்களைப் பற்றி வானொலியிலும் யூடியூபிலும் பாட்காஸ்டிலும் நிகழ்ச்சி செய்கிற நண்பர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனில் முதலிடம் பிடித்த வேடிக்கைப் பாடல்கள் என்று பட்டியல் போட்டால் அதில் தென்மேற்கு இங்கிலாந்தின் சாமர்செட் வட்டாரத்துக் குழுவான வர்ஸல்ஸ் கட்டாயம் இருப்பார்கள். பண்ணையாள் வேஷம், கழுத்தில் கட்டிய துணி, ‘கம்பைன் ஹார்வெஸ்டர்’ பாட்டிலிருந்து இருபது நொடி. பிறகு ‘ஒரே பாட்டில் உச்சிக்குப் போய்க் காணாமல் போனவர்கள்’ என்று ஒரு வரி. உடனே அடுத்த குழுவுக்குத் தாவிவிடுவார்கள். அந்த ஒரு வரிக்குள் எத்தனை பிழைகள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் கணக்கு. பிரிட்டனின் தட்டு விற்பனைப் பட்டியலில் ‘கம்பைன் ஹார்வெஸ்டர்’ (கதிர் அறுக்கும் இயந்திரம்) 1976 ஜூனில் இரண்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ‘ஐ ஆம் எ சைடர் டிரிங்கர்’ மூன்றாம் இடம் வரை ஏறியது. 1977-இல் ‘ஃபார்மர் பில்ஸ் கௌமேன்’ 32-ஆம் இடம். இவற்றுக்கெல்லாம் முன்பே, 1967-இல், ‘டிரிங்க் அப் தை சைடர்’ 45-ஆம் இடத்தைத் தொட்டிருந்தது. ஒரு முதலிடம், ஒரு மூன்றாமிடம், மேலும் இரண்டு என்று இருக்கும்போது ஒற்றைப் பாட்டு எங்கிருந்து வந்தது? குறுகிய கால வெற்றி என்று சொல்லுங்கள், மறுக்கமாட்டோம். ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் அந்த அலை அடித்தது.

அடுத்தது தேதி. ‘1976 ஜூன் 12-ஆம் நாள் முதலிடம்’ என்று படிக்கிறீர்கள். அந்தத் தேதி எப்படி வந்தது என்று தெரிந்தால் இன்னும் பல பிழைகள் தானாகவே விலகும். அப்போது விற்பனையைக் கணக்கெடுத்தது பி.எம்.ஆர்.பி. என்ற சந்தை ஆய்வு நிறுவனம். 1969 பிப்ரவரியில் பொறுப்பேற்றது. நாடெங்கும் சுமார் 300 இசைத்தட்டுக் கடைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு வாரமும் அவற்றில் ஏறக்குறைய 250 கடைகளின் விற்பனையைக் கூட்டினார்கள். கம்ப்யூட்டரோ பார்கோடோ கடைக்குள் வராத காலம். கல்லாப் பக்கத்தில் ஒரு டைரி இருக்கும். தட்டு விற்றதும் அதன் வரிசை எண்ணைக் கையால் எழுத வேண்டும். சனிக்கிழமை கடை சாத்தியதும் டைரி தபாலில் போகும். செவ்வாய்க்கிழமை மதியம் பி.பி.சி. ரேடியோ 1-இல் புதிய பட்டியல் அறிவிக்கப்படும். பட்டியலின் மேல் போடுகிற தேதியோ அந்த வாரக் கடைசிச் சனிக்கிழமை.

இப்போது பின்னோக்கி எண்ணுங்கள். ஜூன் 12 என்று தேதியிட்ட பட்டியல் வெளியானது ஜூன் 8, செவ்வாய். அது காட்டுவது மே 31 முதல் ஜூன் 5 வரை விற்ற தட்டுகளை. ஆகவே ‘அந்த வருட வறட்சியில், கொளுத்தும் வெயிலில், அறுவடை நேரத்தில் ஹிட்டான பாட்டு’ என்று கதை கட்டுவது சரிப்படாது. அந்த வருடத்தின் பெயர்பெற்ற வெப்ப அலை தொடங்கியது ஜூன் 23 வாக்கில். இங்கிலாந்தில் தானியக் கதிர் அறுப்பது ஜூலை, ஆகஸ்டில். கம்பைன் வயலில் இறங்குவதற்கு முன்பே பாட்டு உச்சிக்குப் போய், ஜூன் 26 பட்டியலில் ரியல் திங் குழுவிடம் முதலிடத்தை விட்டுக்கொடுத்தும் ஆயிற்று. பருவத்தோடு பொருந்தி வந்தது இரண்டாவது பாட்டுதான். சைடர் என்பது ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த மது. அதற்கான ஆப்பிள் பறிப்பு செப்டம்பரில் தொடங்கும்.

டைரி முறையில் ஓட்டைகளும் இருந்தன. சனிக்கிழமைக் கூட்டத்தில் எண்ணை உடனே எழுத முடியாமல், பிறகு நினைவில் இருந்ததை எழுதிவைக்க வாய்ப்புண்டு. தபால் நின்றால் கணக்கும் நின்றது. 1971 தபால் வேலைநிறுத்தத்தில் இது நடந்தது. எந்தெந்தக் கடையில் டைரி இருக்கிறது என்பது கசிந்தால், அந்தக் கடைகளில் மட்டும் ஆள் வைத்துத் தட்டு வாங்க முடியும். அந்தத் தில்லுமுல்லை 1980-இல் ‘வேர்ல்ட் இன் ஆக்‌ஷன்’ தொலைக்காட்சி நிகழ்ச்சி அம்பலப்படுத்தியது. 1983-இல் கேலப் நிறுவனம் வந்து கடைகளில் மின்னணுக் கருவி வைத்த பிறகுதான் டைரி ஒழிந்தது. பட்டியலே 1976-இல் 50 இடங்கள்தான், 1978-இல்தான் 75 ஆனது. எனவே ‘இத்தனை வாரம் பட்டியலில் இருந்தது’ என்று எண்பதுகளின் பாட்டோடு ஒப்பிட்டால் பழைய பாட்டுக்கு அநியாயம்: 51-ஆம் இடத்துக்குச் சரிந்த அன்றே அது கணக்கிலிருந்து மறைந்துவிடும். 2018 முதல் 2022 வரை ஐந்து கிறிஸ்துமஸிலும் முதலிடம் பிடித்த யூடியூபர் லேட்பேபியோடு வர்ஸல்ஸை ஒப்பிடுகிறவர்களுக்கும் இதே பதில்தான். அங்கே டவுன்லோடும் ஸ்ட்ரீமிங்கும் சேர்ந்த எண்ணிக்கை, இங்கே கல்லாப்பெட்டிப் பக்கத்து டைரி.

மெட்டு யாருடையது என்று எந்த நிகழ்ச்சியிலும் சொல்வதில்லை, இதுதான் எங்களுக்கு மிகப் பெரிய குறை. ‘கம்பைன் ஹார்வெஸ்டர்’ மெட்டு அமெரிக்கப் பாடகி மெலனி 1971-இல் எழுதிப் பாடிய ‘பிராண்ட் நியூ கீ’. அதில் பெண் ரோலர் ஸ்கேட் வைத்திருக்கிறாள், பையனிடம் சாவி இருக்கிறது. அந்தப் பாட்டை, ஒரு விவசாயி கல்யாணத்துக்குப் பெண் கேட்கும் பாட்டாக மாற்றி முதலில் பாடியவர்கள் வர்ஸல்ஸ் அல்ல. அயர்லாந்து நகைச்சுவைக் கலைஞர் பிரெண்டன் கிரேஸ். அவருடைய தட்டு 1975-இல் அயர்லாந்தில் முதலிடம் பிடித்தது. வர்ஸல்ஸ் அதை எடுத்துச் சாமர்செட் பேச்சில் பாடினார்கள். ‘சைடர் டிரிங்கர்’ மெட்டு நெதர்லாந்தின் ஜார்ஜ் பேக்கர் செலக்‌ஷன் குழுவின் ‘பலோமா பிளாங்கா’. ‘கௌமேன்’ பாட்டின் மெட்டு, 1967-இல் விசில் ஒலியிலேயே ஹிட்டான ‘ஐ வாஸ் கைசர் பில்ஸ் பேட்மேன்’.

ஏற்கெனவே காதில் உட்கார்ந்த மெட்டு, அதன் மேல் புது வார்த்தை. சிரிப்பு பிறப்பது இங்கேதான். ரோலர் ஸ்கேட் பாட்டு ஐந்தே வருடம் பழையது. முதல் இரண்டு வரியிலேயே கேட்பவர் அடையாளம் கண்டுகொள்வார். காதலை உருகிச் சொல்ல வேண்டிய இடத்தில் ஏக்கர் கணக்கு பேசும்போது சிரிப்பு வருகிறது. அசல் தெரியாத நேயருக்குப் பாதி பாட்டுதான் கேட்கும். உங்கள் நிகழ்ச்சியில் மெலனியின் பாட்டை முதலில் பத்து நொடி போட்டுவிட்டு வர்ஸல்ஸைப் போட்டுப் பாருங்கள், விளக்கமே தேவைப்படாது.

உரிமை விஷயமும் இதில் இருக்கிறது. சொல்லை மாற்றிப் பாடினாலும் மெட்டின் உரிமை அசல் இசையமைப்பாளரிடமும் வெளியீட்டாளரிடமும்தான். யூடியூபில் இந்தப் பாட்டைப் போட்டால் பதிவுக்கு ஒரு உரிமைக் கோரிக்கை, மெட்டுக்குத் தனியாக இன்னொன்று என இரண்டு வரக்கூடும். ‘பத்து நொடிக்குள் போட்டால் பிரச்சினை இல்லை’ என்ற நம்பிக்கைக்கு ஆதாரமே கிடையாது. அப்படி ஒரு விதி இல்லை.

பிறகு, ஆட்ஜ் கட்லர். இவர் பெயர் இல்லாமல் வர்ஸல்ஸை அறிமுகப்படுத்துவது எங்களுக்குப் புரியவே இல்லை. பிரிஸ்டலுக்கு அருகே போர்ட்டிஸ்ஹெட்டில் பிறந்தவர், கிளாரினெட் கலைஞர் ஆக்கர் பில்க்கின் ரோட் மேனேஜராக (கச்சேரிப் பயணங்களைக் கவனிப்பவராக) இருந்தவர். 1966-இல் குழுவைத் தொடங்கியவர் அவர்தான். அதே ஆண்டு நவம்பரில் நெய்ல்சீயின் ராயல் ஓக் மதுக்கூடத்தில், வாடிக்கையாளர் சத்தத்தோடு, நேரடியாகப் பதிவு செய்தார்கள். வட்டாரப் பேச்சில், வட்டார ஊர்ப் பெயர்களோடு, அவரே எழுதிய பாடல்கள் அவை. மேலே சொன்ன 45-ஆம் இடப் பாட்டும் அவருடையதே. 1974 மே 5 அன்று செப்ஸ்டோ அருகே கார் கவிழ்ந்து இறந்தார். முதலிடம் வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. ‘கட்லர் பாடிய கம்பைன் ஹார்வெஸ்டர்’ என்று யாராவது சொன்னால், தேதியை மட்டும் காட்டுங்கள்.

1976-இல் பாடிய மூவர்: கிட்டாரும் பாஞ்சோவும் வாசித்து முன்னணியில் பாடிய பீட் பட், அக்கார்டியன் வாசித்த டாமி பேனர், சூசாஃபோன் என்ற பெரிய பித்தளை ஊதுகருவியை வாசித்த டோனி பேலிஸ். சாமர்செட் பட்டிக்காட்டானாக வேஷம் கட்டிய பேனர் பிறப்பால் ஸ்காட்லாந்துக்காரர் என்பது கூடுதல் வேடிக்கை. பாப் தட்டில் பாஸ் கிட்டார் இருக்க வேண்டிய இடத்தில் சூசாஃபோன் ‘பூம் பூம்’ என்று ஊதுவது அந்தக் குழுவின் கையொப்பம். பழைய பதிவைத் திரும்பக் கேட்கும்போது கீழ்ச்சுருதிப் பக்கம் காது கொடுங்கள்.

எந்தப் பதிவைப் போடுகிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். ‘கம்பைன் ஹார்வெஸ்டர்’ 2001-இல் ரீமிக்ஸாக வந்து 39-ஆம் இடம் பிடித்தது. ‘சைடர் டிரிங்கர்’ 2007-இல் வானொலி அறிவிப்பாளர் டோனி பிளாக்பர்னுடன் புதிதாக வந்தது. தொகுப்புகளிலும் ஸ்ட்ரீமிங் தளங்களிலும் பாட்டின் பெயரை மட்டும் தேடினால் இவற்றில் எது வேண்டுமானாலும் முன்னால் வரலாம். பக்கத்தில் போட்டிருக்கும் ஆண்டு தொகுப்பு வெளியான ஆண்டாக இருக்கலாம், பதிவான ஆண்டாக இருக்காது. தாளத்தில் டிரம் மெஷின் கேட்டால் அது 1976 பதிவு அல்ல.

அடுத்த முறை அறிமுகம் எழுதும்போது இப்படி எழுதினால் போதும்: 1966-இல் ஆட்ஜ் கட்லர் தொடங்கிய சாமர்செட் குழு, அவர் மறைவுக்குப் பின், மெலனியின் மெட்டில் பிரெண்டன் கிரேஸ் முதலில் பாடிய விவசாயிப் பாட்டைப் பாடி 1976 ஜூனில் இரண்டு வாரம் முதலிடம், செப்டம்பரில் இன்னொரு பாட்டுக்கு மூன்றாம் இடம். படிக்க அரை நிமிடம்கூட ஆகாது. ஏற்கெனவே வெளியிட்ட வீடியோவாக இருந்தால், விளக்கக் குறிப்பில் திருத்தத்தைச் சேர்த்து, ஒரு கமெண்டை மேலே நிற்கும்படி ‘பின்’ (pin) செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய 45 ஆர்.பி.எம். தட்டுகளைச் சேகரித்துப் பட்டியலிடும் சிலர்