செவிலியரின் நோட்டு: அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

போன வாரம் கிளினிக்கில் பழைய மேஜையை நகர்த்தியபோது அதன் விளிம்பில் ஆணி ஓட்டைகள் கண்ணில் பட்டன. 2020இல் கொரோனா வந்தபோது எனக்கும் நோயாளிக்கும் நடுவே பிளாஸ்டிக் ஷீட் கட்ட நானே அடித்த ஆணிகள். இத்தனை வருடம் உங்களிடம் நேரில் சொல்ல வராத ஒன்றை அப்போதே எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

மார்ச் 24 மாலை ஊரடங்கு தொடங்கியதும் ஷட்டரை இறக்கிவிட்டேன். பயம்தான் காரணம். கவச உடை இல்லை, என்-95 கடைகளில் இல்லை, டோக்கன் கொடுக்கும் பெண் வந்து சேர பஸ் இல்லை. மறுநாளே தொலைமருத்துவ வழிகாட்டுதல்களை மத்திய சுகாதாரத் துறை வெளியிட்டது. போனில் பேசியே மருந்து எழுதலாம் என்றதும் உயிர் வந்தது. ஒரு கையில் டார்ச், மறு கையில் போன் என்று தொண்டையைக் காட்டினார்கள். சென்னையில் அது நிறையப் பேருக்குக் கைகொடுத்தது.

ஆனால் போன் ஏமாற்றவும் செய்தது. 2021 மே மாதம், அரசு மருத்துவமனை வாசல்களில் ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்ற நாட்கள். மூச்சுத் திணறல் இருக்கிறதா என்று பார்க்க, ஒருவரை போனிலேயே ஒரே மூச்சில் எண்ணச் சொன்னேன். முப்பது வரை தடையில்லாமல் எண்ணினார். சரி, வீட்டிலேயே இருங்கள் என்றேன். மறுநாள் மகன் எங்கிருந்தோ ஆக்சிமீட்டர் வாங்கிவந்து விரலில் மாட்டினால் ஆக்சிஜன் அளவு 84 சதவீதம்தான். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

அவரைவிட என்னை உறுத்துவது, எனக்குப் போனே செய்யாதவர்கள். முதல் ஊரடங்கு முடிந்து ஆகஸ்டில் ஒரு அம்மா வந்தார். கால் கட்டைவிரல் கறுத்திருந்தது. ஏப்ரலிலேயே சுகர் மாத்திரை தீர்ந்துவிட்டதாம். கிளினிக் பூட்டியிருந்ததால் அப்படியே விட்டுவிட்டார். வீடு அடுத்த தெருவில்தான். விரலை எடுக்க வேண்டியதாயிற்று. எட்டு வருடம் என்னிடம் வந்தவர், அக்கா. அவர் நான்கு மாதமாக வரவில்லை என்பதே எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள என்னிடம் ஒரு பதிவேடும் இல்லை.

அந்த வருடம் தீபாவளிக்கு உங்கள் ஊருக்கு வந்தபோது துணை சுகாதார நிலையத்தில் செவிலியரின் நோட்டைப் பார்த்தேன். பழுப்பு அட்டை, ஓரமெல்லாம் மடங்கியிருந்தது. வீடு வீடாகப் பெயர்கள், சுகர் சிவப்பு மையில், பி.பி. நீலத்தில், கர்ப்பிணிகளுக்குப் பிரசவத் தேதி. இரண்டு மாத மாத்திரையை வீட்டிலேயே கொடுத்து, எதிரே கையெழுத்தும் வாங்கியிருந்தார். வீட்டைத் தகரம் வைத்து அடைத்துவிடுவார்களோ என்று காய்ச்சலை மறைத்தவர்களை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "வாசல்லயே மிளகுக் கஷாய வாசனை வந்தா உள்ள ஆரோ படுத்திருக்காங்கன்னு அர்த்தம் டாக்டரம்மா" என்றார். எங்கள் படிப்பில் இதைச் சொல்லித்தரவில்லை.

உங்கள் ஊரில் உங்களுக்கு இருந்த கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆக்சிஜன் படுக்கைக்கு நாற்பது கிலோமீட்டர் போகவேண்டும். பரிசோதனை முடிவு வருவதற்குள் நோயாளி ஒன்று தேறியிருப்பார், இல்லை மோசமாகியிருப்பார். அந்த இடத்தில் நகரத்து நோயாளிக்கு வாய்ப்பு அதிகம், சந்தேகமே இல்லை. ஆனால் யார் வரவில்லை என்று உங்களுக்குத் தெரிந்தது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சுகர், பி.பி. மாத்திரைகள் வீட்டுக்கே வரும் என்று செய்தியில் படித்தபோது எனக்கு அந்தப் பழுப்பு நோட்டுதான் ஞாபகம் வந்தது.

இப்போது நானும் ஒன்று போட்டிருக்கிறேன். சுகர், பி.பி.க்காரர்கள் மட்டும் 312 பேர். இரண்டு மாதமாக வராதவர்கள் ஒன்பது. ஏழு பேரிடம் பேசிவிட்டேன். ஒருவர் மகள் வீட்டுக்குக் குடிபோய்விட்டார். இன்னொரு பெரியவரின் போன் அணைந்தே கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே போய்ப் பார்க்கப் போகிறேன். ஊர் மாறிப் போனவர்களை அந்தச் செவிலியர் நோட்டில் எப்படிக் குறித்து வைப்பார்? அடித்துவிடுவாரா, தனிப் பக்கமா? கேட்டு எழுதுங்கள் அக்கா.

அன்புடன்,
உங்கள் தங்கை