நீ வாங்கப்போகும் கைக்கடிகாரம் பற்றி

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை இருமுறை படித்தேன். ஐந்தாண்டுச் சேமிப்பில் ஒரு நல்ல கைக்கடிகாரம் வாங்க எண்ணியிருப்பதாகவும், பெயர் பெற்ற நிறுவனத்துடையதை வாங்குவதா, ஜெனீவாவில் நீ பார்த்துவிட்டு வந்த சிறு பட்டறைக்காரருடையதை வாங்குவதா என்று முடிவு செய்ய முடியவில்லை என்றும் எழுதியிருந்தாய். முப்பது ஆண்டுகளாகக் கடிகாரம் சேர்த்துவருகிறவன் என்ற முறையில் என் மனத்தில் உள்ளதை எழுதுகிறேன்.

தனித்து இயங்கும் கடிகாரக் கலைஞர்கள்மீது எனக்கு மதிப்பு ஏற்படக் காரணமானவர் ஜார்ஜ் டேனியல்ஸ் என்ற ஆங்கிலேயர். சாவி கொடுத்து ஓடும் கடிகாரத்தில், சுருள்வில்லின் விசை ஒரேயடியாகத் தீர்ந்துவிடாமல், சக்கரங்களை நிறுத்தி நிறுத்தி நகரவிடும் பகுதிக்கு எஸ்கேப்மென்ட் என்று பெயர். வழக்கமான அமைப்பில் சக்கரத்தின் பல் சிறு மாணிக்கக் கல்லின்மேல் உராய்ந்து வழுக்கிச் செல்வதால் அங்கே எண்ணெய் இட வேண்டும். அந்த எண்ணெய் நாளடைவில் கெட்டியாகும்போது நேரமும் பிசகும். மின்கலத்தில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரங்கள் வந்து சுவிட்சர்லாந்தின் தொழிலையே நிலைகுலையச் செய்த 1970களில், இந்த உராய்வைப் பெரிதும் குறைக்கும் கோஆக்சியல் அமைப்பை அவர் தனியொருவராக உருவாக்கினார். அதை எடுத்துக்கொண்டு சுவிஸ் நிறுவனங்களிடம் பல ஆண்டுகள் அலைந்தார். 1999இல்தான் ஒமேகா அதைத் தன் கடிகாரத்தில் வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. டேனியல்ஸ் தம் கையால் செய்து முடித்த கடிகாரங்கள் வாழ்நாள் முழுவதற்கும் சில பத்துகள்தாம்; அவருடைய எண்ணம் இத்தனை பேரின் மணிக்கட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு பெரிய நிறுவனத்தின் வழியாகத்தான். ஆகவே இரு தரப்பையும் பகைவர்களாக வைத்துப் பேசுகிறவர்களின் பேச்சை நான் ஏற்பதில்லை. இன்று ஜெனீவாவில் பலரும் போற்றும் தனிக் கலைஞர் ரெஜெப் ரெஜெபியும் சிறு வயதில் படேக் பிலிப் என்ற பெரிய நிறுவனத்தில்தான் தொழில் பயின்றார்.

டேனியல்ஸின் சீடர் ரோஜர் ஸ்மித்தைப் பற்றியும் நீ அறிய வேண்டும். டேனியல்ஸ் எழுதிய நூலைத் துணையாகக் கொண்டு, இளம் வயதில் தாமே ஒரு பாக்கெட் கடிகாரத்தைச் செய்து, ஐல் ஆஃப் மேன் தீவில் இருந்த அவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். கையால் செய்தது என்பது பார்த்தவுடன் தெரிகிறது, அப்படித் தெரியக் கூடாது என்று கூறி டேனியல்ஸ் அனுப்பிவிட்டார். ஸ்மித் திரும்பிச் சென்று, செய்ததையே மீண்டும் மீண்டும் திருத்தி, ஐந்தாண்டுகளுக்குமேல் உழைத்து இரண்டாவதைக் கொண்டுவந்த பிறகே அவர் ஏற்றுக்கொண்டார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அந்த உழைப்பைக் கண்ணால் காண வேண்டுமானால் கடிகாரத்தின் பின்புறத்தைப் பார். உலோகத் தகடுகளின் ஓரங்களைச் சரிவாகச் சீவி மெருகேற்றியிருப்பார்கள். இரண்டு சரிவுகள் உட்பக்கமாகக் கூர்மையாகச் சந்திக்கும் மூலையை உருப்பெருக்கியால் கவனி. சுழலும் கருவி அந்த மூலையை வளைவாகவே விடும். கூர்மையாக முடிக்க அரம் பிடித்த கை வேண்டும். சுவிட்சர்லாந்தின் ஜூ பள்ளத்தாக்கில் இருக்கும் கடிகாரக் கலைஞர் ஃபிலிப் டுஃபூர், ஜென்ஷியன் செடியின் உலர்ந்த தண்டைக் கொண்டு அந்த ஓரங்களை மெருகிடுகிறவர். அவருடைய சிம்ப்ளிசிட்டி என்ற கைக்கடிகாரம் 2000ஆம் ஆண்டில் வந்தது; இருநூறு சொச்சம் மட்டுமே செய்தார். பிற்காலத்தில் ஏலங்களில் அதன் விலை பல மடங்கு ஏறியது உண்மை. அந்தக் கணக்கை நம்பி நீ வாங்காதே. அப்படி ஏறாமல் போனவை எத்தனையோ.

இனி என் அனுபவம். இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு தயாரிப்பாளரிடம் ஆசையோடு ஒன்று வாங்கினேன். சில ஆண்டுகளில் அவர் பட்டறையை மூடிவிட்டார். உள்ளே ஒரு சக்கரம் தேய்ந்தபோது அதற்கு மாற்று உலகில் எங்கும் கிடைக்கவில்லை. சென்னையில் எனக்குப் பழக்கமான முதியவர் ஒருவர் நான்கு மாதம் முயன்று புதிதாக வெட்டிக் கொடுத்ததால் அது இன்று ஓடுகிறது. பெரிய நிறுவனத்திடமும் எனக்கு மனக்குறை உண்டு. என் தந்தையார் கட்டியிருந்த கடிகாரத்தைப் பழுதுபார்க்க அனுப்பியபோது, காலத்தால் பழுப்பேறியிருந்த முகப்பை என்னைக் கேட்காமலே எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தி அனுப்பினார்கள். உறுப்புகள் எல்லாம் அவர்களிடம் இருந்தன. அந்தப் பழைய முகப்பு மட்டும் திரும்ப வரவில்லை.

ஆகவே நீ பார்த்துவைத்திருக்கும் அந்தப் பட்டறைக்காரரிடம் ஒன்றைக் கேள்: உள்ளே இருக்கும் இயந்திரத்தில் அவர் செய்தது எது, வெளியே வாங்கியது எது? பலர் இடிஏ அல்லது செலிட்டா நிறுவனத்தின் இயந்திரத்தை வாங்கி, முகப்பையும் கூட்டையும் தாம் செய்கிறார்கள். அதில் தவறில்லை, உறுப்புகள் கிடைக்கும், கைத்தேர்ந்த எவரும் பழுதுபார்ப்பார். ஆனால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும், விலையும் அதற்கேற்ப இருக்க வேண்டும். எல்லாம் அவரே செய்தது என்றால், வரைபடங்களை வைத்திருக்கிறாரா, அவரிடம் பயிலும் இளைஞர் யாரேனும் உண்டா என்று கேள். பதில் நேராக வந்தால், அம்மா, அவரிடமே வாங்கு. எனக்கு அதுவே மகிழ்ச்சி. மழுப்பினால், தயங்காமல் ஒரு ஒமேகா வாங்கிக்கொள்.

தை மாதம் வரும்போது உன் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வா. அந்த முதியவர் வெட்டிக் கொடுத்த சக்கரத்தைப் பின்மூடி திறந்து உனக்குக் காட்டுகிறேன்.

அன்புடன்,
அப்பா