பி பிளாக் பூனை: இன்று இரவு 9 மணிக்குள் பதில் போடுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் திரியும் சாம்பல் பூனைக்கு உடம்பு சரியில்லை. இரண்டு கண்ணிலும் பீளை கட்டி ஒட்டிக் கிடக்கிறது, தும்மல் வேறு, நேற்று வைத்த மத்தி மீனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூக்கடைத்தால் பூனைக்கு வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் சாப்பிடாது, சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரல் கெட்டுவிடும் என்பதால் தள்ளிப்போட முடியாது.

நாளை செவ்வாய் காலை 7.30க்கு வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம் என்று இருக்கிறேன்.

1. கூண்டோ மூடி போட்ட கூடையோ யாரிடம் இருக்கிறது?
2. கூட வர ஒருவர் வேண்டும். ஆட்டோ செலவு என்னுடையது.
3. வெறுங்கையால் தூக்காதீர்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஊசிக்குப் போங்கள்.
4. பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது, பூனைக்கு அது விஷம். (அரை மாத்திரையைப் பாலில் கரைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். நல்லவேளை, கேட்டார்.)
5. குணமானதும் கருத்தடை செய்து இங்கேயே விடலாமா? ஆம் / வேண்டாம் என்று மட்டும் எழுதுங்கள். எங்காவது தொலைவில் கொண்டுபோய் விடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அப்புறம், குழந்தைகளை இன்று மாலை அந்தப் பக்கம் விடாதீர்கள்.