பாய் சொன்ன ஹனோவர்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானும் பிள்ளைகளும் சுகந்தானே? இங்கே குளிர் இறங்கிவிட்டது. நாலரை மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் கிடையாது, வீட்டில் சத்தமும் போடக்கூடாது. அதனால் தோசை மாவைச் சனிக்கிழமையே அரைத்து வைத்துவிடுகிறேன். மற்றபடி தாராவியில் வளர்ந்தவனுக்கு இந்த ஊர் அமைதிதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

நம்ம சோர் பஜார் பழைய ரெக்கார்டுக் கடை பாய் தவறிப்போனதை நீ போனில் சொன்னதிலிருந்து அவர் நினைப்பாகவே இருக்கிறது. எனக்கு ஜெர்மனியில், இந்த ஹனோவரில் வேலை என்றதும் எல்லாரும் சம்பளம் எவ்வளவு என்றுதான் கேட்டார்கள். பாய் மட்டும், “அட, பழைய சரக்கெல்லாம் அங்கேயிருந்துதானே வந்தது!” என்று ஸ்டூலைவிட்டு எழுந்தே விட்டார்.

1902இல் பாடகி கௌஹர் ஜான் கல்கத்தாவில் பாடிய பாட்டுகள் கப்பலேறி இந்த ஊருக்கு வந்துதான் கிராமபோன் தட்டாக அச்சாகித் திரும்பின. கல்கத்தாவில் தட்டு அச்சடிக்கும் ஆலை தொடங்கியது 1908இல்தான். பாட்டு முடிந்ததும் அந்தம்மாள் தன் பெயரை இங்கிலீஷில் சொல்வார். எந்தத் தட்டு யாருடையது என்று இங்கே அச்சடிப்பவர்களுக்குத் தெரிவதற்காகவாம். பாய் தலையைச் சாய்த்து, குரலைக் கீச்சென்று மாற்றி அதை நடித்துக் காட்டுவாரே, ஞாபகம் இருக்கிறதா? “தட்டு செய்கிற அரக்கும் நம்மது, பாட்டும் நம்மது, நடுவிலே அச்சுக்கூலி அவனுக்கு” என்பார்.

கிராமபோன் தட்டைக் கண்டுபிடித்த எமில் பெர்லினர் 1851இல் பிறந்ததும் இங்கேதான். 1982இல் சிடி ஆலையிலிருந்து வெளிவரத் தொடங்கியது பக்கத்து ஊரான லாங்கன்ஹாகனில். நல்லவேளை, இதைப் பாயிடம் சொல்லவில்லை. தொழிலைக் கெடுத்ததே சிடிதான் என்று கடைசிவரை திட்டிக்கொண்டிருந்தவர்.

சனிக்கிழமைகளில் லைனே ஆற்றங்கரையில் பழைய சாமான் சந்தை கூடும். சோர் பஜார் மாதிரிதான், கூச்சல் மட்டும் இல்லை. போன வாரம் ஒரு கிழவர் ‘78’ என்கிற, நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய அரக்குத் தட்டுகளைப் படுக்கப்போட்டுக் குவித்திருந்தார். பாய் பார்த்திருந்தால் பாஷை தெரியாமலே சண்டைக்குப் போயிருப்பார். நான் ஒன்றை எடுத்து, பாய் செய்வதுபோல விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். மொத்தென்று கேட்டது. உள்ளே கீறல் இருக்கும் என்று வைத்துவிட்டேன். கிழவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தொழில்காரன் என்று நினைத்தாரோ என்னவோ.

அப்புறம், பாய் மகன் மட்டன் தெருக் கடையைக் காலி செய்யப் போகிறான் என்றாயே, அவனைப் போய்ப் பார். பிற்கால வினைல் தட்டுகளான எல்பிகளை விற்றால் விற்கட்டும், அவற்றுக்கு இப்போது நல்ல கிராக்கி. 78களை எடைக்குப் போட்டுவிட வேண்டாம் என்று சொல். படுக்கப்போடாமல் செங்குத்தாக நிறுத்தி வைக்க வேண்டும். தூசி போக ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடப் போகிறான், அரக்கு கரைந்துவிடும். லேபிள் நனையாமல் ஈரத்துணியால் துடைத்தால் போதும். கௌஹர் ஜான் தட்டு ஏதாவது மிஞ்சியிருந்தால் அவன் சொல்லும் விலைக்கே வாங்கி வை. பணம் அனுப்புகிறேன். அத்தானிடம் விலையைச் சொல்லாதே.

அன்புடன்,
உன் தம்பி