பட்டியலில் இல்லாத வீட்டுக்குத்தான் பணிக்குழு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வறுமையைக் குறைக்க அரசு ஒரு தனிப் பணிக்குழு அமைக்க வேண்டும் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அமைக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்தக் குழு எங்கே உட்கார வேண்டும், அதில் யார் யார் இருக்க வேண்டும், அதன் கையில் என்ன அதிகாரம் இருக்க வேண்டும் என்பதைக் கட்டுரை தொடவில்லை. என் அனுபவத்தில் அதுதான் முக்கியம் என்பதால் இதை எழுதுகிறேன்.

உசிலம்பட்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்து நியாயவிலைக் கடையில் 31 ஆண்டுகள் விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டு ரூபாய் அரிசி, ஒரு ரூபாய் அரிசி, 2011 முதல் விலையில்லா அரிசி எல்லாம் இந்தக் கையால் எடை போட்டவை. தராசுக்குப் பின்னால் நிற்பவனுக்கு ஊரில் யார் வீட்டில் என்ன நிலை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். இந்த 55 ரூபாய் கையில் இல்லாமல், "அரிசி மட்டும் போடுங்க தம்பி, மத்தத அடுத்த வாட்டி வாங்கிக்கிறேன்" என்று சொல்லிப் போகிற வீடுகள் எங்கள் ஊரில் மாதாமாதம் இருந்தன. அடுத்த வாட்டியும் அரிசி மட்டும்தான் வாங்குவார்கள். வறுமைக் கோட்டை எங்கே போடுவது என்று நிபுணர்கள் நெடுங்காலமாக விவாதிக்கிறார்கள். 2011-12ஆம் ஆண்டுக்கு, கிராமத்தில் ஓர் ஆளுக்கு மாதம் 816 ரூபாய் செலவு என்றது டெண்டுல்கர் குழுவின் முறை. 972 என்றது ரங்கராஜன் குழு. என் கடையில் அந்தக் கோடு 55 ரூபாயில் தெரிந்தது.

அந்த வீடுகளில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தனியாக இருக்கும் ஒரு வயதான அம்மா. பருத்தி எடுத்தும் களை வெட்டியும் விரல் ரேகை தேய்ந்துவிட்டது. 2020இல் கடைக்குக் கைரேகை மிஷின் வந்த பிறகு நான்கு முறை வைத்தால் ஒரு முறை பதியும், சில மாதம் அதுவும் பதியாது. மகன் முறுக்கு கம்பெனி வேலைக்கென்று மகாராஷ்டிரா பக்கம் போனவர். ஆரம்பத்தில் பணம் அனுப்பினார், பிறகு பேச்சே இல்லை. ஆனால் ரேஷன் கார்டில் அவர் பெயர் இருக்கிறது. முதியோர் பணத்துக்கு எழுதிப் போட்டார்கள். ஆதாரில் வயது எட்டு குறைவாக இருக்கிறது என்று முதல் முறை திரும்பி வந்தது. வயதைத் திருத்தப் பிறப்புச் சான்று கேட்டார்கள். காட்டு வேலைக்கு நடுவில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் காலத்தில் யார் சான்று வாங்கி வைத்தார்கள்? ஒருவழியாக மருத்துவரிடம் வயதுச் சான்று வாங்கித் திருத்தினால், சம்பாதிக்கும் மகன் கார்டில் இருக்கிறார் என்று மறுபடியும் தள்ளுபடி. மகன் பெயரை நீக்கப் போனால், மகன் வர வேண்டும் அல்லது அவர் ஆதார் வேண்டும் என்றார்கள். அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால்தானே?

ஒவ்வொரு நடைக்கும் பஸ் செலவு, ஜெராக்ஸ் செலவு, அன்றைய கூலியும் போச்சு. இரண்டு முறை நானே லீவு போட்டுவிட்டு உடன் போனேன். உண்மையைச் சொன்னால், அந்த அலுவலகங்களில் யாரும் அவரை விரட்டவில்லை. ஒரு பெண் எழுத்தர் நாற்காலி போட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அவரவர் வேலையை அவரவர் விதிப்படிதான் செய்தார்கள். கார்டு ஒருவர் பொறுப்பு, ஆதார் இன்னொருவர் பொறுப்பு, ஓய்வூதியம் மூன்றாமவர் பொறுப்பு, வீடு ஒன்றிய அலுவலகத்தின் பொறுப்பு. அந்த அம்மா மட்டும் யார் பொறுப்பிலும் இல்லை. பணிக்குழு என்று ஒன்று வந்தால் அதன் முதல் வேலை இந்தக் குறையைத் தீர்ப்பதாக இருக்க வேண்டும்.

திட்டங்கள் இல்லாத மாநிலம் அல்ல நம்முடையது. பள்ளிப் பிள்ளைகளுக்கான காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில்தான் தொடங்கியது. அடுத்த ஆண்டு அதே நாளில் மகளிர் உரிமைத்தொகை வந்தது. முதியோர் ஓய்வூதியம் 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. என்னோடு வேலை பார்த்தவர்கள் இப்போது வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாகப் போகிறார்கள். இவற்றின் பலனைக் கண்ணால் பார்த்தவன் நான். மத்திய அரசின் நிதி ஆயோக் கணக்குப்படி 2019-21இல் தமிழ்நாட்டில் பல பரிமாண வறுமையில், அதாவது உடல்நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் வறுமையில், இருந்தவர்கள் 2.2 சதவீதம்தான். இது பெருமைதான், ஆனால் இனிமேல்தான் வேலை கடினம். ஊரில் பாதிப்பேர் பட்டினி கிடந்த காலத்தில், எல்லோருக்கும் அரிசி என்றால் பெரும்பகுதி தீர்ந்தது. இப்போது மிஞ்சி நிற்கிற வீடுகளில் ஒன்றுக்கு ஆதார் சிக்கல், ஒன்றுக்குக் குடிநோய், ஒன்றுக்குப் படுத்த படுக்கையாகக் கிடக்கும் பிள்ளை, ஒன்றுக்கு வட்டிக் கடன். ஒரே திட்டத்தால் இத்தனை முடிச்சையும் அவிழ்க்க முடியாது. அரசுக்கும் இது தெரியாமல் இல்லை. மிக வறிய 5 லட்சம் குடும்பங்களைக் கண்டறிந்து மீட்கப் போவதாக 2024 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையிலேயே முதலமைச்சரின் தாயுமானவர் திட்டம் என்ற பெயரில் அறிவித்தார்கள்.

மேலே மட்டும் ஒரு குழு போட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2015இல் நிதி ஆயோக், அப்போது அதன் துணைத் தலைவராக இருந்த அரவிந்த் பனகாரியா தலைமையில் வறுமை ஒழிப்புக்கு ஒரு பணிக்குழு அமைத்தது. மாநிலங்களும் தனித்தனியே அமைக்கும்படி கேட்டுக்கொண்டது. வறுமைக் கோடு எது என்பதிலேயே கருத்து ஒன்றுபடாமல், அதை நாட்டின் தலைசிறந்த வல்லுநர்கள் மேலும் ஆராயட்டும் என்று சொல்லி அறிக்கை வந்தது. அறிஞர்களைக் குறை சொல்லவில்லை. அது கணக்குப் போடும் குழு. எங்களுக்கு வேண்டியது கதவைத் தட்டும் குழு.

பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். 2021இல் புதிய அமைச்சரவையின் முதல் கூட்டத்திலேயே அதிதீவிர வறுமையை ஒழிப்பது என்று முடிவெடுத்தார்கள். உள்ளாட்சிகளையும் குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுக்களின் பெண்களையும் வைத்துத் தேடி 64,006 குடும்பங்களைக் கண்டுபிடித்தார்கள். உணவு, உடல்நலம், வருமானம், வீடு என்ற நான்கையும் பார்த்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியாக ஒரு திட்டம் எழுதினார்கள். பலருக்கு முதலில் கொடுத்ததே ரேஷன் கார்டு, ஆதார் போன்ற ஆவணங்கள்தான்! 2025 நவம்பர் 1 அன்று அதிதீவிர வறுமை இல்லாத மாநிலம் என்று அறிவித்தார்கள். அந்தக் கணக்கெடுப்பைப் பற்றிப் பொருளாதார அறிஞர்கள் சிலர் கேள்வி எழுப்பினார்கள், அவர்கள் கேட்டதிலும் நியாயம் உண்டு. இருந்தாலும் ஒரு வீட்டுக்கு ஒரு திட்டம் என்ற வழி சரியான வழி.

நமக்கும் இது புதிதல்ல. 2005இல் உலக வங்கி உதவியோடு வந்த புது வாழ்வுத் திட்டத்தில் கிராம வறுமை ஒழிப்புச் சங்கம் என்று ஊருக்கு ஊர் வைத்தார்கள். மக்கள் நிலை ஆய்வு என்று ஒரு முறை இருந்தது. பொது இடத்தில் தரையிலேயே ஊர்ப் படம் வரைந்து, எந்த வீடு மிகவும் ஏழை என்று ஊர்க்காரர்களே சொல்வார்கள். பிறகு அந்தப் பட்டியல் கிராம சபையில் வைக்கப்படும். ஊர் முன்னால் வசதியானவர் பெயரைத் திணிப்பது சுலபமல்ல. குறை ஒன்று உண்டு: ஊர்க் கூட்டத்துக்கு வராதவர், ஊரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர், சாதியால் ஓரம் கட்டப்பட்டவர் பெயர் விட்டுப்போகும். அதனால் கூட்டம் முடிந்த பிறகு, கூட்டத்துக்கு வராத வீடுகளுக்கு நடந்து போய்ப் பார்க்க வேண்டும்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். மதுரை மாவட்டத்தில் 13 ஊராட்சி ஒன்றியங்கள் இருக்கின்றன. ஒன்றியத்துக்கு ஒரு குழு உட்காரட்டும். தலைமைக்கு ஒரு துணை ஆட்சியர் நிலை அலுவலர் இருக்கட்டும். கார்டு, ஓய்வூதியம், வீடு மூன்றுக்கும் அவரே கையெழுத்துப் போடும்படி அரசாணை வேண்டும். அப்புறம், ஊரை அறிந்தவர்களை அதில் சேர்க்க வேண்டும். எந்தப் பிள்ளைக்கு எடை ஏறவில்லை என்று அங்கன்வாடிப் பணியாளருக்குத் தெரியும். யார் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டார் என்று மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடுவீடாகப் போகும் பெண்ணுக்குத் தெரியும். யார் அரிசியை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிப் போகிறார் என்று ரேஷன் கடைக்காரருக்குத் தெரியும். இத்தனை காலத்தில் எந்தக் கணக்கெடுப்புக்கு வந்தவரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. குடும்பத்துக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும், அவர் பெயரும் கைபேசி எண்ணும் அந்த வீட்டில் இருக்க வேண்டும். பஸ் செலவு, புகைப்படம், ஒரு நாள் கூலி இழப்பு போன்றவற்றுக்குக் குழுவின் கையில் கொஞ்சம் பணமும் இருக்க வேண்டும். மதுரை மாநகராட்சியின் 100 வார்டுகளுக்கும் இதே போன்ற ஏற்பாடு தேவை என்றே நினைக்கிறேன். நகரத்தை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் அதைப் பற்றி எழுத வேண்டும்.

கடனைத் தனியாகச் சொல்ல வேண்டும். உரிமைத்தொகை 1,000 ரூபாய் வந்த அன்றே வாரத் தவணைக்குப் போய்விடும் வீடுகள் உண்டு. ஒரே பெண் மூன்று குழுவில் கடன் வாங்கி, ஒன்றை அடைக்க இன்னொன்றை வாங்குகிறார். கந்துவட்டிக்கு எதிராக 2003இலேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் கடன் கொடுத்தவர் மேல் புகார் கொடுத்துவிட்டு அதே தெருவில் எப்படி இருப்பது? வங்கியில் பேசி அந்தக் கடன்களை ஒரே கடனாக மாற்றித் தர ஒரு ஆள் நான் சொல்லும் பணிக்குழுவில் இல்லாவிட்டால், மற்ற உதவி எல்லாம் வட்டிக்கே போகும்.

நம் மாவட்டத்துக்காரர் சின்னப்பிள்ளை அம்மாவை எல்லோருக்கும் தெரியும். கூலி வேலைக்குப் போகும் பெண்களைத் திரட்டிக் களஞ்சியம் என்ற சேமிப்புக் குழுக்களை வளர்த்தவர். 2001இல் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார், 2019இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தனக்கு வீடு கிடைக்கவில்லை என்று அவரே வெளியே சொல்ல வேண்டி வந்து, 2024 மார்ச்சில் கனவு இல்லம் திட்டத்தில் அவருக்கு வீடு கொடுக்க முதலமைச்சர் உத்தரவிட்டார். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர் அம்மாதான் நினைவுக்கு வந்தார். அவர் சொன்னால் கேட்க எந்தத் தொலைக்காட்சியும் எங்கள் தெருவுக்கு வராது.

எங்கள் ஊரில் அந்த 55 ரூபாய் இல்லாத வீடுகள் என் நினைவில் 23 இருக்கின்றன. தெருவாரியாகச் சொல்ல முடியும். எங்கள் ஒன்றியத்தில் அப்படி ஒரு குழு உட்காரும் என்றால் நாள் மட்டும் சொல்லுங்கள், சம்பளம் எதுவும் வேண்டாம், நான் வந்துவிடுகிறேன். அந்த அம்மாவின் மூன்றாவது விண்ணப்ப ரசீதும் என்னிடம்தான் இருக்கிறது, அதையும் எடுத்துவருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நியாயவிலைக் கடை விற்பனையாளர் ஒருவர்,
உசிலம்பட்டி வட்டாரம், மதுரை மாவட்டம்.