தாளம் பழகிய காதுக்கு டூல்

ஆசிரியர் அவர்களுக்கு,

மெட்டல் என்னும் ராக் இசை என்றாலே தாளக்கட்டு இல்லாத இரைச்சல் என்று வாசகர் ஒருவர் நமது நாளிதழில் எழுதியிருந்தார். டூல் குழுவைப் பொறுத்தவரை உண்மை நேரெதிர். 1990இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய இந்த ஆல்டர்நேட்டிவ் மெட்டல் குழுவின் பாட்டுத் தாளத்தை, மாசி வீதிகளில் சாமி புறப்பாட்டுத் தவிலைக் கேட்டு வளர்ந்த மதுரைக்காரர் விரல் விட்டே எண்ணிவிடலாம்.

2001இல் வெளியான 'லேட்டரலஸ்' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பல்லவியில் தாளம் 9, 8, 7 என்று இறங்குகிறது. 'தகதிமி தகதகிட', 'தகதிமி தகஜொணு', 'தகிட தகதிமி' என்று கூடவே சொல்லி வாருங்கள். கிட்டாரின் அழுத்தம் எப்போதும் இதே சொல்லில் விழாது. எண்ணிக்கைக்கு இது போதும். பலரும் தடுக்கி விழுவது எட்டு எட்டாகத் தட்டும்போதுதான். மொத்தம் 24 என்பதால் மூன்றாவது எட்டு முடிந்ததும் கை சரியாகச் சேர்ந்துவிடும். ஆனால் நடுவில் 8, 7 என்னும் அடுத்த இரண்டு பகுதிகளும் ஓர் எண்ணிக்கை தள்ளியே தொடங்கும். உடனே 'தாளம் தப்புகிறது' என்று முடிவு கட்டிவிடுகிறோம். இப்படிப் படிப்படியாகக் குறைந்து வருவதைத்தானே மிருதங்க வகுப்பில் கோபுச்ச யதி என்று சொல்லித் தருகிறார்கள்!

பாடகர் மேனார்ட் ஜேம்ஸ் கீனனின் வரிகளிலும் கணக்கு உண்டு. முதல் சரணத்தில் ஆங்கில அசைகள் வரிக்கு வரி 1, 1, 2, 3, 5, 8 என்று ஏறி, 5, 3 என்று இறங்குகின்றன. பின்னால் 13 வரை போகின்றன. நடு பெருத்து இரு முனையும் சிறுக்கும் மிருதங்க யதி இது. இந்த எண் வரிசையை இத்தாலியக் கணித அறிஞர் ஃபிபனாச்சி பெயரால் உலகம் அழைக்கிறது. அவருக்கு முன்பே, 12ஆம் நூற்றாண்டில் சமண அறிஞர் ஹேமசந்திரர் யாப்புக் கணக்கில் இதைச் சொல்லிவிட்டார். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று வைத்து மூன்று மாத்திரையை நிரப்ப 3 வழி, நான்குக்கு 5, ஐந்துக்கு 8. எழுதிப் பார்த்தால் தெரியும்.

இத்தனை கணக்குக்குள் நின்றுகொண்டு பாட்டு சொல்வதோ, எதையும் அளவுக்கு மீறி அலசினால் உடலும் மனமும் பிரிந்துபோகும், சுருள் போல வெளிநோக்கி விரிந்துகொண்டே போ என்பது. வரிக்கும் தாளத்துக்கும் இடையிலான இந்த இழுபறிதான் பாட்டின் உயிர் என்பேன்.

அதே ஆல்பத்தின் 'ஸ்கிஸம்' பாட்டின் முதன்மை மெட்டு 5 + 7 கணக்கில் நடக்கிறது, நம் தாள முறையில் ஐந்தான கண்டமும் ஏழான மிஸ்ரமும். ஒரு காலத்தில் பொருந்தியிருந்த துண்டுகள், பேச்சு அற்றுப்போனதால் விலகிக் கிடப்பதைப் பாடும் வரிகளுக்கு இந்த ஒற்றைப்படை வெட்டு அத்தனை பொருத்தம். டிரம்ஸ் வாசிக்கும் டேனி கேரி, அலோக் தத்தாவிடம் தபலா பயின்றவர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

செல்போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். ஸ்கிஸத்தின் முதன்மை மெட்டைத் தாங்குவது ஜஸ்டின் சான்செலரின் பேஸ் கிட்டார். டி சுருதிக்கு இறக்கிய அதன் கீழ்த் தந்தி சுமார் 37 ஹெர்ட்ஸ்; அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது எழவே எழாது. மிஞ்சுவது சிம்பலும் கிட்டாரின் உரசலும் மட்டும், அதைத்தான் இரைச்சல் என்கிறோம். காதை மூடும் ஹெட்ஃபோன் போட்டு, ஒலியை நடுத்தரமாக வைத்து, முதல் முறை பேஸை மட்டும் பின்தொடருங்கள். பாடல் வரிகளை இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இந்த இசையைப் பற்றி அடுத்து எழுதும்போது, நம் ஊர் அரசு இசைக் கல்லூரியின் மிருதங்க, தவில் ஆசிரியர்களிடம் இந்த இரண்டு பாட்டுகளையும் போட்டுக் காட்டி, அவர்கள் போடும் கணக்கையும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், செல்லூர், மதுரை