ஒழுங்கைக் கிணற்றைத் தூர்க்காமல் காத்துத் தருமாறு கோரும் மனு

அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
யாழ்ப்பாணம்.

ஊடாக: கிராம அலுவலர், பிரதேச செயலாளர்

ஐயா / அம்மா,

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு நடத்தி வருகிறேன். ஒழுங்கையை அகலிப்பதற்காக நிலையத்தின் பின்னாலுள்ள பழைய பங்குக் கிணற்றைத் தூர்க்கப் போகிறார்கள். மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் வந்து வேலிக்கரையில் நிற்கிறது. வேலையை நிறுத்திவைக்குமாறு கேட்டே இம்மனுவை எழுதுகிறேன்.

வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணத்தில் கிணற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சென்ற விடுமுறையில் பிள்ளைகள் புல்லுச் செருக்கியபோது, இந்தக் கிணற்று மதிலின் வெளிப்பக்கத்தில் ஒரு கல்தொட்டி வெளிப்பட்டது. மதிலில் முழங்கால் உயரத்தில் ஒரு துவாரம். உள்ளே ஊற்றினால் தண்ணீர் வெளியே தொட்டியில் விழும். மாடு குடிக்கக் கட்டியது என்று ஒரு பெடியன் தீர்ப்புச் சொன்னான். எட்டாம் வகுப்புப் பிள்ளையொருத்தி பக்கத்துக் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "ரீச்சர், இதிலை குடம் வைச்சிருக்கினம்" என்றாள். வட்டமாக மூன்று குழிகள், குடத்தின் அடி பட்டுப் பட்டுத் தேய்ந்தவை. மாடு குடம் கொண்டு வராது.

எனக்கு விடை தெரியும். சொல்ல வாய் வரவில்லை. பிள்ளைகள் என்னை விட்டுவிட்டு ஒழுங்கை முடிவிலிருக்கும் எண்பது கடந்த ஆச்சியிடம் போனார்கள். அவர் சொன்னதை அவர்கள் கொப்பியில் எழுதிய படியே தருகிறேன்: "அது எங்களுக்குக் கட்டினது பிள்ளை. கிணத்துக் கட்டிலை நாங்கள் கால் வைக்கேலாது. ஆரும் வந்து அள்ளி ஊத்துமட்டும் குடத்தோடை குந்தியிருப்பம். சில நாள் மத்தியானம் திரும்பீடும்."

பிள்ளைகள் அதோடு விடவில்லை. என் வீட்டுக் காணி உறுதியைக் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன். பாட்டனார் காலத்து உறுதியில் கிணற்றிற் பங்கும் வழி வாய்க்காலும் என்று துல்லியமாக எழுதியிருக்கிறது. தொட்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆச்சியின் ஆட்களுக்குப் பங்கு எழுதிய உறுதி இந்த ஒழுங்கையில் எந்த வீட்டிலும் இல்லை.

நானும் சின்ன வயதில் விளையாட்டாக அந்தத் துவாரத்தில் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். மதிலுக்கு அப்பால் குடம் நிறையும் சத்தம் கேட்கும், முகம் தெரியாது. அப்போது, சாதியின் பேரால் ஆட்களை விலக்கிவைப்பதைக் குற்றமாக்கிய 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்து பல வருடமாகிவிட்டது. சட்டம் வந்தும் தேநீர்க் கடைக்குள் இருந்து தேநீர் குடிக்கப் போராட வேண்டியிருந்தது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போனது அதற்கும் சேர்த்துத்தான். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், சாதி சொல்லி உள்ளே விடாமல் தடுக்கப்பட்டவர்களுக்கு நடந்ததைப் பெரியவர்கள் இன்றும் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறார்கள்.

ஊரில் எதிர்ப்பும் உண்டு. "பழசைக் கிளறாதேங்கோ ரீச்சர், இப்ப ஆர் சாதி பாக்கினம்?" என்று இரண்டு பேர் வீடு தேடி வந்து சொன்னார்கள். கலியாணப் பேச்சு வரும்போது அவர்களிடமே அந்தக் கேள்வியைக் கேட்க ஆசை. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுகிறோம், காட்டத்தான் வேண்டும். எங்களுக்கு மற்றவர்கள் செய்ததைக் காட்ட இடமிருக்கிறது. எங்களுக்குள் நாங்கள் செய்ததைக் காட்ட இந்த ஊரில் மிஞ்சியிருப்பது இந்தத் தொட்டி ஒன்றுதான்.

தொல்பொருள் திணைக்களம் வந்து பார்க்கும் அளவுக்கு இது பழையதல்ல. ஆகவேதான் தங்களிடம் வருகிறேன். எதிர்ப்பக்கம் வெறும் வளவு. உரிமையாளர் நான்கு அடி விட்டுத்தரச் சம்மதித்திருக்கிறார், கடிதம் இணைத்துள்ளேன். ஒழுங்கையை அந்தப் பக்கமாக அகலித்தால் கிணறும் மதிலும் தொட்டியும் அப்படியே நிற்கும். பிள்ளைகள் விழுந்துவிடாமலும் நுளம்பு பெருகாமலும் கிணற்றுக்கு வலை போட்டு மூடத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. கலாசார உத்தியோகத்தர் ஒருவரை அனுப்பி, ஆச்சியைப் போன்றவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்கள் வாய்மொழியைப் பதிவுசெய்ய ஆவன செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன். தொட்டியருகே ஒரு சிறு பலகை வேண்டும். அதில் எந்தக் குடும்பத்தின் பெயரும் வேண்டாம், என்னுடையது உட்பட. இது ஆருக்கு, எதற்குக் கட்டப்பட்டது என்ற இரண்டு வரி போதும். அந்த வரிகளைப் பிள்ளைகள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

தொட்டியின் அளவுகளும் பிள்ளைகள் கீறிய படமும் ஊரவர் கையொப்பங்களும் இத்துடன் உள்ளன. முதற் கையொப்பம் ஆச்சியுடையது.

பெக்கோ சாரதி திங்கட்கிழமை வரை பொறுப்பதாகப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் தங்கள் பணிப்புரை கிடைக்க வேண்டுமெனத் தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாசிப்பு வகுப்புப் பொறுப்பாசிரியை,
சனசமூக நிலையம்.